கதை சொல்லும் போட்டிக்கான படிவமும் தற்காலிக மின்னஞ்சல்களும்

ஏப்ரல் வந்தால் சிங்கப்பூரில் தமிழ்மொழி விழா. வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவோடு பல அமைப்புகள் ஆளுக்கொரு நிகழ்ச்சி நடத்தும். எங்கள் அமைப்பு சின்னது, எல்லோருமே தொண்டூழியர்கள். தொடக்கநிலை மாணவர்களுக்கு ஒரு கதை சொல்லும் போட்டி வைக்கிறோம். பெற்றோர் பதிவு செய்ய ஓர் இணையப் படிவம், போட்டி முடிந்ததும் அவர்களிடம் கருத்துக் கேட்க ஒரு கருத்தாய்வு. இரண்டும் இந்த முறை என் பொறுப்புக்கு வந்தன. படிவம் பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதியது. முன்பு இருந்த தொண்டூழியர் ஒருவர் விட்டுச்சென்றது. கருத்தாய்வுக்கு அதே சர்வரில் லைம்சர்வே என்ற மென்பொருளை நிறுவியிருக்கிறோம்.

படிவம் சரியாக வேலை செய்கிறதா என்று செயற்குழுவில் கேட்டால் "செய்யுதே" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அது பொய்யில்லை. ஆனால் அவர்கள் சோதிப்பது சொந்த முகவரியை வைத்து. அந்த முகவரி ஏற்கெனவே எங்கள் பட்டியலில் இருக்கிறது, பிரவுசர் எல்லாக் கட்டங்களையும் தானே நிரப்பிவிடுகிறது, அவர்களுடைய இன்பாக்ஸ் எங்கள் அமைப்பின் அஞ்சலை வருடக்கணக்காக வாங்கிப் பழகியது. எங்களை இதற்கு முன் கேள்விப்பட்டே இராத ஓர் அம்மா, பேருந்தில் நின்றபடி கைத்தொலைபேசியில் நிரப்பும்போது என்ன நடக்கும் என்பது அந்தச் சோதனையில் தெரியாது. "பதிவு கிடைத்தது" என்று அவருக்குப் போகும் அஞ்சல் எப்படி இருக்கிறது என்பதை எங்களில் யாரும் பார்த்ததே இல்லை. அதைப் பார்க்கத்தான் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு விட்டுவிடும் தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை எடுத்தேன்.

தற்காலிக முகவரி தரும் தளங்கள் நிறைய உண்டு. மெயிலினேட்டர் 2003இலிருந்து இருக்கிறது, கெரில்லா மெயில் 2006இலிருந்து. டென் மினிட் மெயில் பெயரிலேயே சொல்லிவிடுகிறது, பத்து நிமிடம்தான், வேண்டுமானால் நீட்டிக்கொள்ளலாம். யாப்மெயிலில் அஞ்சல் 8 நாள் கிடக்கும். பதிவு, கடவுச்சொல் எதுவும் வேண்டாம். மெயிலினேட்டர், யாப்மெயில் போன்றவற்றில் நினைத்த பெயரைத் தட்டினால் அந்தப் பெயரில் ஓர் இன்பாக்ஸ் திறக்கும்.

கடவுச்சொல் இல்லை என்றால் பூட்டு இல்லை என்று அர்த்தம். மெயிலினேட்டரின் பொது இன்பாக்ஸில் நான் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தால், அதே பெயரைத் தட்டும் யாரும் அதே அஞ்சலைப் படிக்கலாம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தள அறிவிப்புப் பலகையில் கடிதத்தைக் குத்தி வைப்பது போலத்தான். அதனால் முதலிலேயே ஒரு விதி வைத்துக்கொண்டேன்: உண்மையான குழந்தையின் பெயரோ பள்ளியோ பெற்றோரின் தொலைபேசி எண்ணோ அந்தப் பக்கம் போகவே கூடாது. சோதனைக்குக் கடையெழு வள்ளல்களைக் கூப்பிட்டுக்கொண்டேன். பாரி தொடக்கநிலை 3, ஓரி தொடக்கநிலை 5, இப்படி.

வாயில் வந்த ஒரு ஜிமெயில் முகவரியைப் போட்டுச் சோதிப்பவர்களும் இருக்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம். 'டெஸ்ட்' என்று தொடங்கும் முகவரி எதுவானாலும் அது யாரோ ஒருவருடையதாக இருக்கும், நம்முடைய சோதனைக் குப்பையெல்லாம் அவர் பெட்டியில் போய் விழும். தொலைபேசி எண்ணும் அப்படித்தான். 8 அல்லது 9இல் தொடங்கும் எட்டு இலக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலும் இந்த ஊரில் அது ஒருவர் கையில் இருக்கக்கூடிய எண். அதனால் சோதனை முடியும்வரை குறுஞ்செய்தி அனுப்பும் பகுதியையே நிறுத்தி வைத்தேன். யாருக்கும் போய்ச் சேரக் கூடாத முகவரி தேவைப்பட்டால் அதற்கென்றே ஒதுக்கிய டொமைன்கள் (முகவரியில் 'அட்' குறிக்குப் பின்னால் வரும் பகுதி) இருக்கின்றன. 'எக்ஸாம்பிள் டாட் காம்', 'டாட் டெஸ்ட்', 'டாட் இன்வேலிட்' ஆகியவற்றை 1999இலேயே ஆர்எஃப்சி 2606 என்ற இணைய ஆவணம் இதற்கென எடுத்து வைத்துவிட்டது.

சரி, பாரியைப் பதிவு செய்தேன். படிவம் நன்றி சொன்னது. தற்காலிக இன்பாக்ஸில் அஞ்சலும் உடனே வந்து விழுந்தது. தலைப்பு "கதை சொல்லும் போட்டி: உங்கள் பதிவு கிடைத்தது" என்று இருக்க வேண்டும். 'போட்டி' இருந்த இடத்தில் 'போட' என்று ஒரு துண்டு, நடுவில் கேள்விக்குறி போட்ட கறுப்புச் சாய்சதுரங்கள், அப்புறம் 'டி'. புள்ளியைக் காணோம். அதே அஞ்சலை என் சொந்த இன்பாக்ஸுக்கு அனுப்பிப் பார்த்தால் தலைப்பு முழுசாக, அழகாக இருக்கிறது. இதனால்தான் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை.

திரையைப் படம் பிடித்து, நடுவராக வரும் ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு அனுப்பினேன். "புள்ளி எங்க தம்பி? தமிழ்ப் போட்டிக்குக் கூப்பிடுற கடிதத்துலயே இப்படி இருந்தா பிள்ளைங்க என்ன நினைப்பாங்க?" என்று குரல்செய்தி வந்தது. "சரி பண்ணிடுறேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

காரணம் இதுதான். மின்னஞ்சலின் தலைப்பு வரி ஆங்கில எழுத்துக்கு மட்டும் என்று தொடங்கிய இடம். தமிழ் போன்ற எழுத்துகளைக் குறியீடாக மாற்றி உள்ளே வைக்கும் முறையை 1996இல் வந்த ஆர்எஃப்சி 2047 சொல்கிறது. ஒவ்வொரு குறியீட்டுத் துண்டும் 75 எழுத்துக்குள் அடங்க வேண்டும். முன்னும் பின்னும் வரும் அடையாளங்களைக் கழித்துக் கணக்குப் போட்டால் ஒரு துண்டில் 45 பைட்தான் வைக்க முடியும். பைட் என்பது கணினி எழுத்தைச் சேமிக்கும் சிறு அளவு; எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். ககரம் 3, ஐகாரத்தின் இணைக்கொம்பு 3, புள்ளியும் 3. இடைவெளி மட்டும் 1 பைட். இப்போது தலைப்பை எண்ணிப் பாருங்கள்: 'கதை' 9, ஓர் இடைவெளியோடு 10, 'சொல்லும்' 24 சேர்ந்து 34, இன்னோர் இடைவெளி 35, 'போ' 41, 'ட' 44. அடுத்து வருவது புள்ளி. அதன் முதல் பைட்டோடு 45 முடிந்துவிடுகிறது. மீதி இரண்டு பைட்டும் அடுத்த துண்டுக்குப் போய்விடுகின்றன. பழைய ஸ்கிரிப்ட் எழுத்தைப் பார்க்காமல் பைட்டை மட்டும் எண்ணி வெட்டியிருக்கிறது.

ஓர் எழுத்தின் பைட்களை இரண்டு துண்டாகப் பிரிக்கக் கூடாது, ஒவ்வொரு துண்டும் தனியாகவே படிக்கும்படி இருக்க வேண்டும் என்று அந்த ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. சில அஞ்சல் செயலிகள் பெருந்தன்மையாகத் துண்டுகளை ஒட்டிவிட்டுப் படிக்கும், அங்கே தலைப்பு சரியாகத் தெரியும். விதிப்படி தனித்தனியாகப் படிக்கும் செயலியில் புள்ளி உடையும். எங்கள் எல்லோருடைய இன்பாக்ஸும் முதல் வகை. வெளியே ஒரு பெட்டியில் போய்ப் பார்த்ததால்தான் இது பிடிபட்டது. தலைப்பை நாமே வெட்டி ஒட்டும் வேலையை நிறுத்திவிட்டு, அனுப்பும் பொறுப்பைப் பிஎச்பிமெயிலர் என்ற ஆயத்த நிரல்தொகுப்பிடம் கொடுத்தேன். அது எழுத்தின் எல்லை பார்த்துத்தான் வெட்டும். தலைப்பில் புள்ளி திரும்பியது.

அதே பைட் கணக்கு பெயர்க் கட்டத்திலும் இருந்தது. பெயர் 40க்கு மேல் போகக் கூடாது என்று ஒரு வரம்பு, ஆனால் எண்ணுவது பைட்டை. 'சுப்பிரமணியன்' நம் கணக்கில் எட்டு எழுத்து. கணினி தனித்தனியாக எண்ணும் யூனிகோட் குறிகளாக 13, பைட்டாக 39. மயிரிழையில் உள்ளே போகிறார். முன்னால் 'ப.' என்று தலைப்பெழுத்தும் ஓர் இடைவெளியும் சேர்த்தால் 44 ஆகிவிடுகிறது, 'பெயர் மிக நீளம்' என்று படிவம் திருப்பி அனுப்புகிறது. நம் பிள்ளைகளின் பெயர் நீளமா என்ன! எழுத்துக் கணக்கில் எண்ணும்படி மாற்றினேன்.

பெயர் என்று வந்தால் சிங்கப்பூருக்கே உரிய ஒன்று இருக்கிறது. இங்கே நம்மவர் பலரின் அடையாள அட்டையில் சொந்தப் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவே மகன், மகள் என்பதற்கான இரண்டு ஆங்கில எழுத்தும் அவற்றுக்கிடையே ஒரு சாய்கோடும் இருக்கும். படிவத்தின் விதி எழுத்தையும் இடைவெளியையும் மட்டுமே ஏற்கும். சாய்கோட்டைக் கண்டதும் 'தவறான பெயர்' என்று சிவப்பில் காட்டியது. ஒருவர் தன் சட்டப்படியான பெயரை அப்படியே எழுதும்போது அதைத் தவறு என்று சொல்ல எந்தப் படிவத்துக்கும் உரிமையில்லை. குடும்பப் பெயர் என்ற கட்டாயக் கட்டமும் அப்படித்தான். குடும்பப் பெயரே இல்லாத சமூகத்துக்கு எதற்கு அது? இரண்டு கட்டத்தையும் எடுத்துவிட்டு, 'சான்றிதழில் வர வேண்டிய பெயர்' என்று ஒரே கட்டமாக வைத்தேன். தமிழிலும் எழுதலாம், ஆங்கிலத்திலும் எழுதலாம், சாய்கோடும் போடலாம்.

அடுத்தது முகவரிக் கட்டம். பிரவுசரே பார்த்துக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்கென உள்ள மின்னஞ்சல் கட்டம் 'பெயர் அட் ஜிமெயில்' என்று 'டாட் காம்' இல்லாமல் எழுதினாலும் ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் புள்ளியில்லாத டொமைனும் அதன் இலக்கணப்படி செல்லும். தொலைபேசியில் அவசரமாக அடிப்பவர்கள் விடுவதும் அந்தக் கடைசிப் பகுதியைத்தான். சர்வர் பக்கத்தில் இன்னொரு சோதனை கட்டாயம் வேண்டும்.

தற்காலிகத் தளங்களை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. ஜிமெயிலில் உங்கள் பெயருக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறியும் ஏதாவது ஒரு சொல்லும் சேர்த்தால் அந்த அஞ்சலும் உங்கள் பெட்டிக்கே வரும். பெயருக்கு நடுவே புள்ளி வைத்தாலும் எடுத்தாலும் ஒன்றுதான். பாரிக்கு ஒரு கூட்டல், நள்ளிக்கு ஒரு கூட்டல் என்று ஒரே பெட்டியில் பல ஆட்களை உருவாக்கலாம், வெளியார் யாரும் படிக்க முடியாது. சோதனைக்கு இதுவே எனக்குப் பிடித்த வழி. பழைய படிவம் கூட்டல் குறியையே ஏற்கவில்லை, அதைத் திருத்தினேன். திருத்திய பிறகுதான் அடுத்த பிரச்சினை வெளியே வந்தது.

பதிவு அஞ்சலின் அடியில் 'பதிவை ரத்து செய்ய' என்று ஓர் இணைப்பு. அந்த இணைப்புக்குள்ளேயே பெற்றோரின் மின்னஞ்சல் முகவரி அப்படியே எழுதப்பட்டிருந்தது. இணைய முகவரியின் கேள்விப் பகுதியில் வரும் கூட்டல் குறியைச் சர்வர் இடைவெளியாக வாசிக்கும். நள்ளியின் முகவரியில் கூட்டல் போய் இடைவெளி வந்தது, 'அப்படி ஒரு பதிவே இல்லை' என்று பதில். கூட்டல் குறியை மட்டும் சரிசெய்து விட்டிருக்கலாம். ஆனால் முகவரி தெரிந்த யாரும் இன்னொருவர் பிள்ளையின் பதிவை ரத்து செய்யலாம் என்பது அதைவிடப் பெரிய ஓட்டை. முகவரியைத் தூக்கிவிட்டு, யாராலும் ஊகிக்க முடியாத நீளமான ஒரு குறியீட்டை ஒவ்வொரு பதிவுக்கும் கொடுத்தேன்.

கூகுள் ஃபார்ம்ஸ் பயன்படுத்தும் நண்பர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை. பதிலைத் திருத்த அனுமதித்து, பதிலின் நகலையும் அஞ்சலில் அனுப்பும்படி வைத்தால் அந்த அஞ்சலில் திருத்தும் இணைப்பும் போகும். அதைப் பொது இன்பாக்ஸில் சோதித்தால், அந்த இணைப்பைப் பார்ப்பவர் யாரும் உங்கள் பதிலை மாற்றலாம். சோதனைப் பதில் என்றால் பரவாயில்லை. சோதனைக்கென்று உண்மைத் தகவலைப் போட்டிருந்தால்தான் வம்பு.

ஒரே முகவரியில் இரண்டு பேர் என்ற சோதனை எனக்கு முக்கியம். பாரிக்கும் ஓரிக்கும் அம்மா ஒருவர், முகவரியும் ஒன்று. பழைய படிவம் 'இந்த முகவரி ஏற்கெனவே பதிவாகிவிட்டது' என்று ஓரியை வெளியே நிறுத்தியது. ஒருவர் ஒரு முறைதான் என்ற விதி கருத்தாய்வுக்குப் பொருந்தும். பிள்ளைகளின் போட்டிக்குப் பொருந்தாது. இங்கே அண்ணனும் தங்கையும் சேர்ந்தேதான் வருவார்கள். சில வீட்டில் பாட்டியின் பெயரில் பேரன் திறந்து கொடுத்த ஒரே முகவரிதான் எல்லோருக்கும். முகவரி, பிள்ளையின் பெயர், தொடக்கநிலை மூன்றும் ஒன்றாக இருந்தால் மட்டுமே இரட்டைப் பதிவு என்று வைத்தேன்.

தற்காலிக டொமைன்களைப் பட்டியல் போட்டுத் தடுத்துவிடலாமே என்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. பல படிவக் கருவிகள் அப்படிச் செய்கின்றன. நான் பயன்படுத்திப் பார்த்த ஒரு கருவி என் சோதனை முகவரியை வாசலிலேயே நிறுத்தியது. பரிசுக் கூப்பன் கொடுக்கும் கருத்தாய்வுகளில் ஒரே ஆள் நூறு பெயரில் நுழைவதைத் தடுக்க அது தேவைதான். அப்படி நுழைவது பிறருடைய ஆய்வைக் கெடுக்கும் வேலை. தற்காலிக முகவரியை நம்முடைய சொந்தப் படிவத்தில் மட்டும்தான் சோதனைக்கு விட வேண்டும். ஆனால் எங்கள் போட்டிக்கு அந்தத் தடை வேண்டாம் என்றுதான் சொன்னேன். ஆப்பிள் 2021இல் ஐகிளவுட் பிளஸோடு முகவரியை மறைக்கும் வசதி கொண்டுவந்த பிறகு சாதாரணப் பெற்றோரும் மாற்று முகவரி கொடுக்கிறார்கள். தன் முகவரியை ஒருவர் காப்பாற்றிக்கொள்வதைக் குற்றமாகப் பார்க்கக் கூடாது. இணைப்பைத் தட்டிப் பதிவை உறுதிசெய்தால் போதும்.

ஒவ்வொரு சின்னத் திருத்தத்துக்கும் வெளித் தளத்துக்கு அஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. அதற்கு மெயில்பிட். ஒரே ஒரு கோப்பு, இறக்கி ஓட்டினால் என் கணினியிலேயே 1025 என்ற போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) அஞ்சலை வாங்கி, 8025இல் பிரவுசரில் காட்டும். அஞ்சல் வெளியே எங்கும் போகாது. அஞ்சலின் மூல வடிவத்தை அப்படியே பார்க்கலாம், புள்ளி எங்கே வெட்டுப்பட்டது என்பதை நான் எண்ணிப் பார்த்ததும் அதில்தான். எழுதும்போது மெயில்பிட், ஆட்களைப் பெருக்கக் கூட்டல் குறி, கடைசியில் வெளியார் கண்ணால் பார்க்கத் தற்காலிகத் தளம். இந்த வரிசை எனக்குச் சரியாக வந்தது.

தற்காலிகப் பெட்டி காட்டாத விஷயங்களும் உண்டு. அது எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும், எனவே அஞ்சல் ஸ்பேமுக்குப் போகுமா என்று அங்கே தெரியாது. பழைய ஸ்கிரிப்ட் எங்களுக்கு வரும் அறிவிப்பில் அனுப்புநர் இடத்தில் பெற்றோரின் ஜிமெயில் முகவரியையே போட்டிருந்தது. எங்கள் சர்வர் ஜிமெயிலின் பெயரில் அஞ்சல் அனுப்பினால் அது போலி அஞ்சல்தான், அனுப்புநர் உண்மையானவரா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிமார்க் சோதனைகளில் நிற்காது. 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலும் யாஹூவும் இதில் இன்னும் கண்டிப்பு. அனுப்புநர் எங்கள் டொமைன், பதில் போக வேண்டிய முகவரி பெற்றோருடையது என்று பிரித்தேன். டொமைனுக்கு எஸ்பிஎஃப், டிகிம் (அஞ்சலில் இடும் மின்கையொப்பம்) இரண்டையும் அமைத்துவிட்டு, நண்பர்களின் உண்மையான ஜிமெயில், அவுட்லுக் பெட்டிகளில் அனுமதி கேட்டுச் சோதித்தேன்.

அதில் ஒருவர் அலுவலக முகவரி கொடுத்தார். "பதிவான அஞ்சலும் வந்துச்சு, கூடவே ரத்தான அஞ்சலும் வந்துச்சே அண்ணே, நான் எதையும் தொடலையே" என்றார். அலுவலகங்களின் பாதுகாப்பு மென்பொருள், வரும் அஞ்சலில் உள்ள இணைப்புகளை ஆபத்தில்லையா என்று தானே திறந்து பார்க்கும். எங்கள் ரத்து இணைப்பு திறந்த மாத்திரத்தில் வேலையை முடித்துவிடும் வகை. இப்போது இணைப்பைத் திறந்தால் 'ரத்து செய்யவா?' என்று ஒரு பக்கம், அதில் ஒரு பொத்தான். பொத்தானை மனிதர் அழுத்தினால்தான் ரத்து. உறுதிசெய்யும் இணைப்புக்கும் அதே ஏற்பாடு.

லைம்சர்வேயில் கருத்தாய்வைச் சோதிக்கும்போது ஒன்று உறுத்தியது. வள்ளல்களைப் பங்கேற்பாளர் பட்டியலில் ஏற்றி, ஆளுக்கொரு தனி இணைப்பு அனுப்பி, பேகனாக நுழைந்து நடுவர்களைப் பற்றி ஒரு குறை எழுதினேன். பதில் அட்டவணையைத் திறந்தால் பேகனின் குறியீடு அந்தக் குறையோடு சேர்ந்தே நிற்கிறது. முகப்பில் நாங்கள் எழுதியிருந்ததோ 'உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது'. பதில்களைப் பெயரோடு சேராமல் பிரித்து வைக்கும் அமைப்பு அதில் இருக்கிறது, ஆனால் கருத்தாய்வை இயக்குவதற்கு முன்பே அதைப் போட்டுவிட வேண்டும், இயக்கிய பின் மாற்ற முடியாது. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு அது. நிறுத்தி, அமைப்பை மாற்றி, மறுபடி பேகனாக நுழைந்து, குறியீடு காணாமல் போனதைக் கண்ணால் பார்த்த பிறகே விட்டேன்.

படிவத்தில் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எண்ணைக் கேட்கும் ஒரு பழைய கட்டமும் இருந்தது. 2012இன் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், சட்டம் கேட்டால் அல்லது ஆளை மிகத் துல்லியமாக அறிய வேண்டிய கட்டாயம் இருந்தால் தவிர, அடையாள அட்டை எண்ணையும் பிறப்புச் சான்றிதழ் எண்ணையும் அமைப்புகள் வாங்கக் கூடாது என்ற நெறிமுறை 2019 செப்டம்பர் 1இலிருந்து நடப்பில் இருக்கிறது. கதைப் போட்டிக்கு எதற்கு அந்த எண்? எடுத்தாயிற்று.

கடைசியாகப் பட்டியலை எக்செலில் திறந்து பார்த்தேன். சான்றிதழ் அனுப்ப அஞ்சல் குறியீடு வாங்குகிறோம். கேன்டோன்மண்ட் சாலைப் பக்கத்து வீவக வீடுகளுக்குக் குறியீடு 08 என்று தொடங்கும். எக்செல் அதை எண்ணாக எடுத்துக்கொண்டு முன்னால் உள்ள பூஜ்யத்தை விழுங்கிவிடும், ஆறு இலக்கம் ஐந்தாகிவிடும். அந்தப் பத்தியை எழுத்து வகை என்று குறிப்பிட்டு இறக்க வேண்டும். தமிழ்ப் பெயர்கள் கலைந்து தெரியாமலிருக்கக் கோப்பின் தலையில் யூடிஎஃப்-8 அடையாளத்தையும் சேர்த்தேன்.

பதிவைத் திறப்பதற்கு முந்தைய இரவு வள்ளல்கள் எல்லோரையும் அட்டவணையிலிருந்து நீக்கி, பதிவு எண்ணை மறுபடி 1இலிருந்து தொடங்க வைத்தேன். குறுஞ்செய்திப் பகுதியைத் திரும்பப் போட்டு, அதை என் சொந்த எண்ணில் மட்டும் பார்த்தேன். பெயர்கள், அவரவருக்கான கூட்டல் முகவரி, ஒவ்வொருவரும் எதைச் சோதிக்கிறார் என்ற குறிப்பு, இதெல்லாம் இருக்கும் தாளை அமைப்பின் பகிர்வுக் கோப்புறையில் வைத்திருக்கிறேன். தலைப்பு வரியை யார் மாற்றினாலும் பாரியை ஒருமுறை பதிவு செய்து தற்காலிகப் பெட்டியில் பார்க்கவும் என்று அதன் முதல் வரியில் எழுதியிருக்கிறது.